ஜூனோ-106: ஆறு நோட்டுக்கு ஒன்று கரகரக்கிறதே, வாங்கலாமா?

வாங்கலாம், விலையைக் குறைத்தால். 1984-இல் வந்த இந்த ரோலண்ட் சிந்தசைசரில் ஆறு குரல்கள், அதாவது நோட்டுகளை மாறி மாறி ஒலிக்கும் ஆறு தனிச் சுற்றுகள். ஒவ்வொன்றின் ஃபில்டரும் (ஒலியின் தன்மையை மாற்றும் பகுதி) ஒலியளவுக் கட்டுப்பாடும் 80017ஏ என்ற சிறு தொகுதிக்குள் இருக்கின்றன. அதன் மேல் பூசிய கறுப்புப் பிசின் காலப்போக்கில் லேசாக மின்சாரம் கடத்தத் தொடங்குவதால்தான் கரகரப்பு. விசையை விட்ட பிறகும் ஒலி கசிவதும், குரல் அடியோடு போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

விற்பவர் முன்னிலையிலேயே சோதியுங்கள். கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடி பவரைப் போட்டால் சோதனை முறை வரும்; விசையை அழுத்த அழுத்த எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரை எண்ணைக் காட்டும். ஒலியைச் செழுமையாக்கும் கோரஸ் வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கோரஸின் மெல்லிய இரைச்சல் பழுதல்ல, பிறவிக் குணம்.

தொகுதியைக் கழற்றி, மூடிய கண்ணாடிச் சீசாவில் அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறவைத்துப் பிசினை உரிப்பது பழைய வைத்தியம். பல தொகுதிகள் பிழைக்கும், சில பிழைக்காது. பிசின் போனதும் உள்ளிருக்கும் நுண்பாகங்களும் கால்களும் எளிதில் உடையும். அவசரமாகச் சாலிடரை உருக்கி இழுத்தால் போர்டின் தாமிரத் தடமும் கூடவே பெயர்ந்து வரும். இன்று புதிய மாற்றுத் தொகுதிகள் கிடைப்பதால், ஒன்று போனால் ஆறையும் மாற்றுவதே என் பரிந்துரை. மற்றவையும் அதே வயதுதானே! மாற்றியபின் ஒவ்வொரு குரலுக்கும் ஃபில்டரை மறுபடி அளவமைக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த கருவி 100 வோல்ட்டுக்கானது. 230-இல் நேரடியாகச் சொருகாதீர்கள்.