சிகிச்சை அளிக்காமல் நோயைக் கவனித்துக்கொண்டே இருந்த ஆய்வு எதுவும் இலங்கை மலையகத்தில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. பல் மருத்துவம் படிப்பவர்களுக்கு அது பாடம். தேயிலைத் தோட்டத்தில்தான் அதிகம் பேர் அறியமாட்டார்கள்.

நோர்வேயின் ஹரால்ட் லோ குழுவினர் 1969இல் ஒஸ்லோ நகரின் மாணவர்களையும் கல்வியாளர்களையும், 1970இல் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளர்களையும் ஈறு நோய்க்காகப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். ஒஸ்லோக்காரர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பல் சிகிச்சை கிடைத்துவந்தது. நம்மவர்களுக்கு அது கிடையாது. ஆய்வுக்கு வேண்டியதும் அந்த இல்லாமைதான். 15 ஆண்டுகளில் பலமுறை வந்து அளந்தார்கள். 1986இல் முடிவு வெளியானது: சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. வேகமாக முற்றியவர்களுக்கு 45 வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. பராமரிப்பே இல்லாவிட்டாலும் நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை என்பதைப் பாடநூல்கள் இந்த வாய்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டன.

வழக்கமான வாய்ச் சுகாதாரம் இல்லாதவர்கள் என்கிறது அறிக்கை. என் தாத்தா அடுப்புக்கரியை உள்ளங்கையில் நுணுக்கி, விரலால் பல் விளக்கி, பீலித் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போவார். அது கணக்கில் சேராதுபோலும்!

இதை டஸ்கிகி ஆய்வோடு சேர்த்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களிடம் நோயை மறைத்து, பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல் ஏமாற்றினார்கள். இங்கே நடந்தது, இல்லாத சிகிச்சையை இல்லாதபடியே வைத்து அளந்தது.

என் மனத்தாங்கல் சம்மதம் பற்றியது. ஆய்வுக்கு உட்படுபவர் சுயவிருப்பத்தோடு சம்மதிக்க வேண்டும் என்று 1964இலேயே மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்லிவிட்டது. அதே 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. அவர்கள் கருத்தை யார் கேட்டார்கள்? 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் குடியிருப்பதற்கும் தோட்டத் துரையின் தயவை நம்பியிருந்த ஒருவர், வெளிநாட்டு டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் மறுத்திருப்பாரா? 1985இல் பரிசோதனைக்கு எஞ்சியவர்கள் 161 பேர். இடைப்பட்ட காலத்தில்தான் தலைமன்னாரில் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 2010இல் மீண்டும் தேடிவந்து 75 பேரைப் பரிசோதித்தார்கள்.

இன்றும் படிவத்தோடு ஆட்கள் லயத்துக்கு வருகிறார்கள். விரட்ட வேண்டாம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். நோய் தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் செலவில் அனுப்புவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.