மி.மீ. கேட்டால் பைக்கா காட்டும் இன்டிசைன்

வணக்கம் நண்பரே. அழைப்பிதழுக்கு 10 மி.மீ. ஓரம் விட நினைத்து 10 என்று கொடுத்தீர்கள், பக்கத்தில் பாதியை ஓரமே விழுங்கிவிட்டது என்கிறீர்கள். கோப்பில் பழுதில்லை. பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான உங்கள் இன்டிசைன், பைக்கா என்ற அச்சுத்துறை அலகில் அளக்கிறது. ஒரு பைக்கா 12 பாயிண்ட். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆகவே நீங்கள் கொடுத்த 10, ஏறத்தாழ 42.3 மி.மீ. ஆகிவிட்டது. அளவைக் கொடுக்கும் பெட்டியில் எண்களுக்கு நடுவே 'p' என்ற ஆங்கில எழுத்து தெரிகிறதா? அதுதான் பைக்காவின் அடையாளம்.

திரையின் மேலும் இடப்பக்கமும் உள்ள இரண்டு அளவுகோல்களும் சந்திக்கும் இடது மேல் மூலையில் வலது கிளிக் செய்து மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு எதையும் திறக்காத நிலையில் பிரிஃபரன்சஸ் என்ற அமைப்புகள் பகுதியில் இதையே மாற்றிவைத்தால், இனிப் புதிதாகத் தொடங்கும் கோப்புகளும் மில்லிமீட்டரிலேயே வரும். அவசரமென்றால் எண்ணை ஒட்டி 'mm' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வசதி.

பக்க விளிம்பில் அளவுகோலின் 0 வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அளவுகோல்கள் சந்திக்கும் அந்த மூலையைத் தெரியாமல் இழுத்திருப்பீர்கள். அதன்மேல் இரட்டை கிளிக் செய்தால் 0 பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் பக்க அளவையும் ஒருமுறை மில்லிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.