அடுத்த நிகழ்ச்சியை ரத்து செய்யச் சொல்லுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. பாடகன். இரண்டே ஆண்டுகளில் பெரும் புகழ் வந்தது. கூடவே குடியும் வந்துவிட்டது. தினமும் குடிக்கிறான், குடித்துவிட்டே மேடை ஏறுகிறான். கேட்டால், "குடித்தால்தான் பாட்டு வருகிறது" என்கிறான். உடன் இருப்பவர்களோ, "கலைஞன் என்றால் அப்படித்தான்" என்கிறார்கள். கண்டிப்பதா, விட்டுவிடுவதா? – ஓர் அக்கா

பதில்: அன்புச் சகோதரி, விட்டுவிடாதீர்கள். எனக்கு உங்கள் தம்பி மீது கோபமில்லை. "அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு அவரை மேடைக்கு அனுப்புகிறவர்கள் மீதுதான் கோபம்.

இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 24 வயதில், 2008-இல், ஒரே இரவில் 5 கிராமி விருதுகளை (அமெரிக்காவின் பெரிய இசை விருது) வாங்கினார். 2011 ஜூனில் செர்பியாவின் பெல்கிரேடு நகர மேடையில் அவருக்குப் பாட்டு வரிகள் நினைவில்லை, நிற்கவே தடுமாறினார். கூட்டம் கூச்சலிட்டது. அந்த நிலையில் இருந்த பெண்ணை மேடையேற்றியிருக்கவே கூடாது. மற்ற நிகழ்ச்சிகளை அதன் பிறகுதான் ரத்து செய்தார்கள். ஜூலை 23 அன்று லண்டன் வீட்டில் இறந்து கிடந்தார். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 416 மில்லிகிராம் ஆல்கஹால். அங்கே வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 80 தான். சில வாரங்கள் குடிக்காமல் இருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். இடையில் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதைத் தம்பியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறந்தபோது ஏமிக்கு வயது 27. 1970-இல் மூன்று வாரத்துக்குள் போதையால் அடுத்தடுத்து இறந்துபோன அமெரிக்க இசைக்கலைஞர்கள் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்ளின் இருவருக்கும் அதே வயது. அந்த எண்ணை ஏதோ மகிமை போல ரசிகர்கள் பேசும்போது வயிறு எரிகிறது.

குடித்தால்தான் பாட்டு வரும் என்பது குடி பேசுகிற பேச்சு. இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜான் 1990-இல் குடியையும் போதையையும் விட்டார். இசைக்காக அவருக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது 1995-இல்.

தம்பியைச் சுற்றியிருப்பவர்களில் பலருக்கு, ஒரு நிகழ்ச்சி நின்றாலும் வருமானம் போகும். அவர்கள் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வராது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். தெளிந்திருக்கும் காலை நேரத்தில், தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அறிவுரை வேண்டாம். எந்த மேடையில் எந்த வரியை மறந்தார், எந்த இரவில் நீங்கள் பயந்துபோனீர்கள் என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அறையில் பூட்டிவைத்து நிறுத்த முயலாதீர்கள். மனநல மருத்துவரிடமோ மது மீட்பு சிகிச்சை மையத்துக்கோ அழைத்துப் போங்கள். என்றாவது எழுப்பியும் எழாமல் கிடந்தால், 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

முதல் முறை கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூடும். போகட்டும். அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.