ஸ்பானிய மொழியில் 'யா' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

'யா' என்றால் 'ஏற்கெனவே' என்று அகராதி சொல்லும்போது, 'யா வோய்' எப்படி 'இதோ வருகிறேன்' ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகராதி பொய் சொல்லவில்லை; பாதியைத்தான் சொல்கிறது. லத்தீன் மொழியின் 'இயாம்' என்ற சொல்லிலிருந்து வந்தது இது. ஒரு நிலை மாறிவிட்டது அல்லது மாறப்போகிறது என்று காட்டுவதே இதன் அடிப்படை வேலை. 'யா கோமி' என்றால் 'சாப்பிட்டாயிற்று'. நம்முடைய அந்த 'ஆயிற்று'தான் இதற்கு மிக நெருக்கம் என்பேன்.

'நோ ஃபூமோ' என்றால் 'நான் புகைப்பதில்லை', அவ்வளவுதான். 'யா நோ ஃபூமோ' என்றால் 'இப்போதெல்லாம் புகைப்பதில்லை'. முன்பு புகைத்தவர் என்ற பழங்கதையும் அந்த ஓரெழுத்துக்குள் வந்துவிடுகிறது!

இனி 'யா வோய்'. 'வோய்' என்றால் நேர்ப்பொருளில் 'போகிறேன்'. யாராவது கூப்பிட்டால், கூப்பிட்டவரிடம் போவதாகவே ஸ்பானியர் சொல்வார்கள். நாற்காலியை விட்டு எழாமலே நாம் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோமே, அதே சங்கதி.

எதிர்காலத்தோடு சேர்ந்தால் சற்று எச்சரிக்கை தேவை. 'யா வெரேமோஸ்' என்பது 'பார்க்கலாம்'. வாக்குறுதி என்று நம்பிவிடாதீர்கள். 'யா எஸ்தா' என்றால் முடிந்தது. 'யா கே' என்றால் 'என்பதால்'. சிலி நாட்டில் தனி 'யா' வெறும் 'சரி'. அதையே இருமுறை இழுத்து 'யா, யா' என்றால், பெரும்பாலும் நீங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் இது 'ஷா' என்று காதில் விழும். வேறு சொல் என்று குழம்ப வேண்டாம்.