ரிம் சின்னது, டயர் பெரியது: பிக்கப் வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ரிம்மைச் சிறிதாக்கி உயரமான டயர் போடச் சொல்லி வருகிறேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 265/60 ஆர்18 டயரோடு (இந்த எண்களின் பொருள் இரண்டாவது பதிலில்) வந்த வண்டிகளைப் பற்றியவை. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைடன் மூன்றிலும் உயர் ரகங்களில் இந்த அளவு உண்டு. அதனால் கணக்கெல்லாம் இதை வைத்தே போட்டிருக்கிறேன். உங்களுடையது வேறு அளவு என்றால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

கேள்வி: சார், ஊரே ரிம்மைப் பெரிசாக்குது. நீங்க மட்டும் சின்னதாக்கச் சொல்றீங்களே, அதுல என்ன லாபம்?

ரப்பர் உயரம். 265/60 ஆர்18-ல் சைடுவால் (ரிம் விளிம்பிலிருந்து டயரின் தரை படும் பாகம் வரை உள்ள பக்கச் சுவர்) 159 மி.மீ. 265/70 ஆர்17 போட்டால் 185.5 மி.மீ. 285/70 ஆர்17 என்றால் கிட்டத்தட்ட 200 மி.மீ. கல்லிலோ பள்ளத்திலோ சக்கரம் மோதும்போது அந்தக் கூடுதல் ரப்பர் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், ரிம் விளிம்பு தப்பிக்கும். மணலில் காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படியும்; வண்டி புதையாமல் போவது அந்த நீளத்தால்தான்.

இதற்கு விலையும் உண்டு. உயரமான சைடுவால் வளைந்து கொடுப்பதால் ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி அரை நொடி யோசித்துத்தான் திரும்பும். வளைவில் சாய்வும் கூடும். மண் பாதையே பார்க்காத வண்டிக்கு இந்த மாற்றம் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: அண்ணா, அளவு எப்படிக் கணக்குப் போடுறது? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

265/70 ஆர்17 என்பதில் 265 அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் சைடுவால் உயரம் என்று பொருள். 17 ரிம், இன்ச்சில். 265 × 0.70 = 185.5. மேலும் கீழும் சேர்த்து 371. ரிம் 17 × 25.4 = 431.8. கூட்டினால் 802.8 மி.மீ. மொத்த விட்டம்.

இதே கணக்கில் உங்கள் 265/60 ஆர்18 டயர் 775 மி.மீ. வருகிறது. 265/65 ஆர்17 போட்டால் 776. அதாவது ரிம் மட்டும் சிறுக்கும், விட்டம் அப்படியே இருக்கும். 265/75 ஆர்16 என்றால் 804. 285/70 ஆர்17 என்றால் 831. டயரின் விட்டம் எவ்வளவு, ரிம் எவ்வளவு என்பவை இரண்டு தனி முடிவுகள். ரிம் எவ்வளவு சிறுக்கலாம் என்பதை பிரேக் தீர்மானிக்கும். டயர் எவ்வளவு பெருக்கலாம் என்பதை மட்கார்டு தீர்மானிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

கேள்வி: அப்ப நேரா 16 இன்ச்சுக்கே இறங்கிடலாமே?

உங்கள் முன் பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடம் கொடுத்தால் இறங்கலாம். "அதே மாடலின் அடி ரகம் 16 இன்ச்சில் வருகிறதே" என்று நம்பி வாங்காதீர்கள். அடி ரகத்தில் டிஸ்க்கே சிறியதாக இருக்கலாம். 16 இன்ச் என்பது டயர் உட்காரும் இடத்தின் அளவு, ரிம்மின் உள்வயிறு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது டிசைனுக்கு டிசைன் மாறும். ஒரு 16 இன்ச் அலாய் தாராளமாக ஏறும், இன்னொன்று கேலிப்பரில் முட்டி நிற்கும்.

டயர் ஏற்றாத வெறும் ரிம்மை ஒன்று கேட்டு வாங்கி இப்படிச் சோதியுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். கேலிப்பரின் வெளி மூலையிலும், ஸ்போக்கைப் பார்த்து இருக்கும் முகத்திலும் களிமண்ணை விரல் தடிமனுக்கு ஒட்டுங்கள். ரிம்மை மாட்டி மூன்று நட்டுகளைக் கையால் இறுக்கி, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண் எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரியும். மிக மெல்லிய இடத்தில் 3 மி.மீ. மிஞ்ச வேண்டும். பேலன்சிங் செய்யும்போது உள்பக்கம் ஒட்டும் எடைக்கட்டியை இந்தச் சோதனையில் பலரும் மறந்துவிடுகிறார்கள். இடைவெளி குறைவாக இருந்தால் முதல் ஓட்டத்திலேயே கேலிப்பர் அதைச் சீவி எறிந்துவிடும். பிறகு "பேலன்சிங் பண்ணியும் ஆடுது" என்று புலம்புவார்கள்.

18-லிருந்து 17-க்கு இறங்குவது பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் முடிகிறது. 16 என்றால் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆஃப்செட் பத்தி தெளிவா சொல்லுங்க சார். என் வண்டி 7.5 இன்ச் அகலம், ஈ.டி.30. வாங்க நினைக்கிறது 8 இன்ச், ஈ.டி.20.

ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். ஈ.டி. என்பது இதே தூரம்தான், மில்லிமீட்டரில். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

உங்கள் கணக்கு: ஈ.டி. 10 குறைகிறது, ஆக 10 மி.மீ. வெளியே. அகலம் அரை இன்ச் கூடுகிறது, அதாவது 12.7 மி.மீ.; அது இரு பக்கமும் 6.35 ஆகப் பிரியும். வெளிப்பக்கம் 16.35 மி.மீ. தள்ளி நிற்கும். உள்பக்கம் 3.65 மி.மீ. கூடுதல் இடைவெளி கிடைக்கும். இது நியாயமான மாற்றம். ஈ.டி.0 பக்கம் போனால் ஹப் பேரிங்கில் சுமை ஏறும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை உதறும், சேற்றைக் கதவு முழுக்க வாரி அடிக்கும். ரேஞ்சர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் கம்பெனி ரிம் ஈ.டி.55. ஹைலக்ஸுக்கு விற்கும் ஈ.டி.30 ரிம்மை மாட்டினாலே 25 மி.மீ. வெளியே வந்துவிடும்.

கேள்வி: ஆறு நட்டு ரிம் எல்லாம் ஒண்ணுதானே அண்ணே?

இல்லை. ஹைலக்ஸும் ரேஞ்சரும் 6 × 139.7 (ஆறு நட்டு, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ.), நவாரா 6 × 114.3. நட்டு எண்ணிக்கை ஒன்றானாலும் வட்டம் வேறு. நடு ஓட்டையும் பாருங்கள்: ஹைலக்ஸ் ஹப் 106.1 மி.மீ., ரேஞ்சர் 93.1. ரிம் ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு ஹப் வளையம் போட்டு நடுமையம் பிடிக்கலாம். சிறிதாக இருந்தால் அந்த ரிம்மை மறந்துவிடுங்கள்.

நட்டின் முகமும் பொருந்த வேண்டும். சில கம்பெனி அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு வரும். வெளியே வாங்கும் ரிம்கள் பலவற்றுக்குக் கூம்பு நட்டு வேண்டும். பழைய தட்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் விளிம்பு மட்டும்தான் பிடிக்கும், ஓட்டத்தில் தளர்ந்துவிடும். டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி பாருங்கள்.

கேள்வி: 285/70 ஆர்17 போட்டால் எங்கே உரசும்? லிஃப்ட் கிட் போட்டா சரியாகிடுமா?

விட்டம் 56 மி.மீ. கூடுகிறது, ஆரம் 28. அந்த 28 மி.மீ. முன்னாலும் பின்னாலும் மேலேயும் போகும், 20 மி.மீ. கூடுதல் அகலம் உள்ளேயும் வெளியேயும் போகும். முதலில் உரசுவது முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மட் ஃப்ளாப்பும் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக் லைனரும், அதுவும் முழு லாக்கில் (ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி) ரிவர்ஸ் எடுக்கும்போது. அடுத்து முன் பம்பரின் கீழ் மூலை. கம்பெனி ஆஃப்செட்டையே வைத்திருந்தால் சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்மோ, ஹப்பைத் தாங்கும் நக்கிளோ உள்பக்கம் டயரைத் தொடலாம்.

ஆஃப்செட் குறைந்தால் உள்பக்க இடைவெளி கூடும், ஆனால் திரும்பும்போது டயர் வரையும் வட்டம் பெரிதாகும். அதனால் ஈ.டி.30-ல் தப்பித்த அதே டயர் ஈ.டி.10-ல் லைனரில் உரசும். "டயர் பெரிசு, அதான் உரசுது" என்று சொல்லும் பல வண்டிகளில் குற்றவாளி ரிம்தான்.

லிஃப்ட் கிட் வண்டியை நிற்கும் நிலையில்தான் உயர்த்துகிறது. பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) மாறாதவரை அந்த உரசல் மாறாது. சோதிக்க ஒரு முன் சக்கரத்தைச் சரிவு மேடையில் ஏற்றி, இரண்டு பக்கமும் முழு லாக் திருப்பி, முன்னும் பின்னும் ஊர்ந்து பாருங்கள். லைனரில் சுண்ணாம்புக் கட்டி பூசி வைத்தால் தொட்ட இடம் தெரியும். சின்ன உரசலுக்கு லைனரைச் சூடு காட்டிப் பின்னுக்குத் தள்ளலாம், மட் ஃப்ளாப்பை வெட்டலாம். அலைன்மென்ட்டில் காஸ்டரை (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் கோணம்) கூட்டினால் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னால் நகரும், அதுவே போதுமானதாக இருப்பதும் உண்டு. இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு 265/70 ஆர்17. ஆரத்தில் 14 மி.மீ. மட்டுமே கூடும்.

கேள்வி: சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல ஸ்பேசர் தட்டு போடலாமா?

சரியான ரிம் வாங்குங்கள்.

கேள்வி: எல்.டி. டயர் எடுத்தேன், பழைய 35 பி.எஸ்.ஐ.யே வெச்சிருக்கேன். ஓரப் பட்டன் சீக்கிரம் தேயுது. ஏன் சார்?

காற்று போதவில்லை. எல்.டி. (லைட் டிரக்) டயர் அதிக எடையைச் சுமக்கும், உண்மைதான். ஆனால் அந்த எடை அதிகக் காற்றில்தான். டயரில் எழுதியிருக்கும் லோடு இண்டெக்ஸ் ஒரு டயர் சுமக்கும் எடையைச் சொல்லும் எண்: 110 என்றால் 1060 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. ஆனால் 10 பிளை (டயரின் வலிமைத் தரம்) எல்.டி.யில் அந்த 1450 கிலோ 80 பி.எஸ்.ஐ.க்கு எழுதியது. 35-ல் அது உங்கள் பழைய டயர் அளவுக்குக்கூடச் சுமக்காமல் போகலாம். டயர் கம்பெனியின் லோடு அட்டவணையை எடுத்து, உங்கள் முன் ஆக்சில் எடையையும் சரக்கேற்றிய பின் ஆக்சில் எடையையும் எடைமேடையில் பார்த்து, தனித்தனியாக அழுத்தம் குறியுங்கள். எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளவு. புதிய டயரின் லோடு இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையவே கூடாது.

இன்னொன்று, 10 பிளை எல்லாருக்கும் தேவையில்லை. சரக்கேற்றாமல் ஓடும் வண்டியில் அது கட்டை மாதிரி குதிக்கும், சக்கரத்துக்குப் பல கிலோ எடையும் கூடும்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர், மைலேஜ், பிக்கப் எல்லாம் எவ்வளவு மாறும்?

265/70 ஆர்17-ல் 3.6 சதவீதம்: மீட்டர் சரியாகக் காட்டி வந்திருந்தால், இனி 100 காட்டும்போது நீங்கள் போவது 103.6. பல வண்டிகளில் கம்பெனியே மீட்டரைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வைத்திருக்கும், அதனால் இந்த அளவில் மீட்டர் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஜி.பி.எஸ். வைத்து ஒப்பிடுங்கள். 285/70 ஆர்17-ல் 7.2 சதவீதம்; அதை ஸ்கேனரில் டயர் அளவு மாற்றியோ, தனி மாட்யூல் போட்டோ திருத்தியே ஆக வேண்டும். ஓடோமீட்டரும் குறைவாக ஓடும் என்பதால் மைலேஜ் கணக்கில் அதே சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். விழுந்ததாக நினைத்ததில் ஒரு பகுதி கணக்குப் பிழைதான்.

பிக்கப் குறைவது நிஜம். ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) 3.73 உள்ள வண்டியில் 831 மி.மீ. டயர் போட்டால் 3.48 போட்ட மாதிரி இழுக்கும். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ஏற்றத்தில் ஆட்டோ கியர் மாறி மாறித் தவிக்கும். அப்போது ஆக்சில் விகிதத்தை 4.10 ஆக்கும் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) பற்றி யோசிக்கலாம்; ஃபோர் வீல் என்றால் முன், பின் இரண்டிலும். பிரேக்கிலும் அதே 7 சதவீதம் தரையில் குறையும், மிதியைக் கூடுதலாக மிதிக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டெப்னி பழைய 18 இன்ச்சே இருக்கட்டுமா? காசு மிச்சம் பாருங்க.

265/65 ஆர்17 போட்டவர்களுக்குப் பரவாயில்லை, விட்டம் 1 மி.மீ.தான் வித்தியாசம். புது ரிம்முக்கு வேறு நட்டு என்றால் பழைய நட்டு ஒரு செட்டை டூல் பையில் போட்டு வையுங்கள். விட்டம் கூட்டியவர்கள் ஐந்தாவதும் அதே அளவில் வாங்கியாக வேண்டும். ஒரே ஆக்சிலில் 775-ம் 831-ம் சுழன்றால் டிஃப்ரென்ஷியல் நிற்காமல் வேலை செய்து சூடேறும். அந்த நிலையில் ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். வாங்கும் முன் பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தை அளந்துவிடுங்கள். 831 மி.மீ. டயர் சைலன்சர் குழாயிலோ பின் பம்பரிலோ இடித்துக்கொண்டு ஏறாமல் நிற்பது அடிக்கடி நடப்பதுதான்.

கேள்வி: அண்ணா, மணலுக்கு எவ்வளவு காற்று இறக்கலாம்?

16 முதல் 20 பி.எஸ்.ஐ. 20-ல் தொடங்கி, வண்டி திணறினால் இரண்டு இரண்டாகக் குறையுங்கள். கல் பாதைக்கு 22 முதல் 26. 14-க்குக் கீழே போனால் கூர்மையாகத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கிய காற்றில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், சைடுவால் உள்ளுக்குள் சூடாகி வெந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. தார் ரோட்டில் ஏறும் முன் திரும்ப அடித்துக்கொள்ள கம்ப்ரெஸர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.