பாம்பனில் நடக்கும் பதின்வயது நாவலை காமிக்ஸாக்க எங்கே தொடங்குவது?

முதலில் நாவலில் பேச்சு வரும் இடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம், பேச்சை எழுதும் பலூனுக்கு 12 சொல்லுக்குள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. படம் முடிந்தபின் எழுத்தை நுழைத்தால் முகம்தான் மறையும். பென்சில் நிலையிலேயே பலூனுக்கு இடம் ஒதுக்குங்கள்.

பள்ளிச் சீருடையில் எல்லோரும் ஒன்றுபோல் தெரிவார்கள். தலைமுடி, உயரம், பை இவற்றால் பிரித்துக் காட்டுங்கள். நாயகியின் மனப்புலம்பலை அப்படியே பெட்டிக்குள் எழுதுவது சோம்பேறித்தனம். பார்வையும் கையும் சொல்லட்டும்.

பின்னணியில் ரயில் பாலம் வந்தால் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் போகும் பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் எழும். 2025இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மொத்தமாகச் செங்குத்தாக உயரும். 2010 கதையில் புதியதை வரைந்தால் பக்கத்து ஊரான மண்டபத்துப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.