வாசகர் கேள்வி பதில்: சாளையை அழுத்தினால் அறக்குளா வருவது ஏன்?

கேள்வி: அப்பாவின் மீன்வாடிக்காக ஐபோன் செயலி ஒன்றைச் செய்துவருகிறேன். அன்றைய மீன்கள் டேபிள் வியூவில் (பட்டியலை வரி வரியாகக் காட்டும் திரைப்பகுதி) வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் ‘சேர்’ என்றொரு பொத்தான் உண்டு. எந்த வரி அழுத்தப்பட்டது என்பதை அறிவதற்காக, பொத்தானின் டேக்கில் (அதோடு ஒட்டி வைக்கும் எண்) வரி எண்ணை எழுதி வைத்தேன். விற்றுத் தீர்ந்த மீனைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு, சாளையை அழுத்தினால் அதற்குக் கீழே உள்ள அறக்குளா கூடையில் சேர்கிறது. கடைசி வரியை அழுத்தினால் செயலியே நின்றுவிடுகிறது. செல்லிலிருந்து (ஒரு வரியைக் காட்டும் பெட்டி) கண்ட்ரோலருக்கு (திரையை நடத்தும் பகுதி) செய்தி சொல்ல முறையான வழி எது? (வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: சாளை விலைக்கு அறக்குளா கிடைத்தால் வாடிக்கையாளர் முறையிட மாட்டார், அப்பாதான் முறையிடுவார். டேபிள் வியூ வரிக்கு ஒரு செல் என்ற கணக்கில் செல்களை உருவாக்குவதில்லை. பட்டியலில் 200 மீன்கள் இருந்து (எந்த வாடியிலும் அத்தனை வகை இராது, கணக்குக்காகச் சொல்கிறேன்) திரையில் பத்து வரிகளே தெரியுமானால், ஏறத்தாழ அந்த அளவு செல்களை மட்டுமே வைத்துக்கொண்டு, மேலே நகர்ந்து மறையும் செல்லைக் கீழிருந்து வரும் மீனுக்குக் கொடுக்கிறது. வாடியில் உள்ள ரெஜிபோம் பெட்டியும் அப்படித்தான்: காலையில் பாரை கிடந்த பெட்டியில் மாலையில் சூரை கிடக்கும். ஆகவே பெட்டியின் மேல் எழுதி வைக்கும் எதையும் நம்ப முடியாது.

ஒரு செல் புதிய மீனுக்குப் போகும்போது டேக்கும் புதிதாக எழுதப்படுவதால், மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தபோது உங்களுக்குப் பிழை தெரிந்திராது. ‘டிலீட் ரோஸ்’ கொடுத்து மூன்றாம் வரியை நீக்கியதும், கீழே இருந்தவை ஒரு படி மேலேறுகின்றன. ஆனால் திரையில் ஏற்கெனவே நிற்கும் அந்தச் செல்களுக்காக டேட்டா சோர்ஸை (எந்த வரியில் எதைக் காட்டுவது என்று சொல்லும் பகுதி) டேபிள் வியூ மறுபடி கேட்பதில்லை. நான்காம் இடத்திலிருந்த சாளை மூன்றாம் இடத்துக்கு வந்த பின்னும் அதன் டேக் பழைய எண்ணையே சொல்கிறது. அந்த எண்ணில் இப்போது இருப்பது அறக்குளா. கடைசிச் செல்லின் எண்ணுக்கோ அரேயில் (மீன்களை வரிசையாக வைத்திருக்கும் தொகுப்பு) இடமே இல்லை. நீக்கியவுடன் ‘ரீலோட் டேட்டா’ (பட்டியல் முழுவதையும் மறுபடி நிரப்பும் கட்டளை) கொடுத்தால் பிழை மறையும். நீக்கும் அசைவும் அதோடு போய்விடும், காரணமும் உள்ளேயே கிடக்கும்.

செல் தன் வரி எண்ணை அறிய வேண்டியதே இல்லை. ‘என்னிடமுள்ள பொத்தான் அழுத்தப்பட்டது’ என்பதை மட்டும் அது சொல்லட்டும். இதற்கு ஒரு புரோட்டோகால் (என்னென்ன அழைப்புகளை ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம்) எழுதி, கண்ட்ரோலரைச் செல்லின் டெலிகேட்டாக (செல் சொல்வதைக் கேட்டுச் செயல்படுபவராக) வையுங்கள். செல் தன்னையே அந்த அழைப்பில் ஒப்படைக்கட்டும். கண்ட்ரோலர் அந்தச் செல்லைக் காட்டி ‘இது இப்போது எந்த இண்டெக்ஸ் பாத்தில் (பட்டியலில் உள்ள இடம்) இருக்கிறது’ என்று டேபிள் வியூவிடம் கேட்கும். அழுத்திய கணத்தில் கேட்பதால் விடை பழையதாக இருக்காது. செல் திரையை விட்டுப் போயிருந்தால் ‘நில்’ (nil, ‘எதுவுமில்லை’ என்ற விடை) வரும் என்பதால் அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். டெலிகேட்டை ‘வீக்’ (இறுகப் பற்றாத இணைப்பு) என்று அறிவிக்க வேண்டும். அதற்கு உங்கள் புரோட்டோகால் ‘எனிஆப்ஜெக்ட்’ (கிளாஸ்களுக்கு மட்டுமே உரியது) வகையினதாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பொத்தான்தான் என்றால் நான் குளோஷரையே (பிறகு இயக்குவதற்காக ஒப்படைத்து வைக்கும் நிரல் துண்டு) விரும்புவேன். எழுதுவது குறைவு, படிக்கவும் எளிது. ஆனால் அதற்குள் இண்டெக்ஸ் பாத்தைப் பிடித்து வைத்தால், டேக் செய்த அதே பிழையை வேறு உடுப்பில் செய்கிறீர்கள். மீனின் அடையாள எண்ணைப் பிடித்து வையுங்கள். வரி மாறினாலும் அது மாறாது. கண்ட்ரோலரையும் ‘வீக் செல்ஃப்’ என்றே பிடிக்க வேண்டும். கண்ட்ரோலர் டேபிள் வியூவையும், டேபிள் வியூ செல்லையும், செல் குளோஷரையும், குளோஷர் மீண்டும் கண்ட்ரோலரையும் இறுகப் பற்றிக்கொண்டால், திரையை மூடிய பின்னும் அந்த நால்வரில் ஒருவரும் நினைவகத்தை விட்டு அகல மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐஓஎஸ் 14 முதல் பொத்தானுக்கு ‘ஆட் ஆக்ஷன்’ மூலம் குளோஷரை நேரடியாகக் கொடுக்கலாம். செல்லைத் தயார்செய்யும் இடத்தில் ஒவ்வொரு முறையும் புதிய ஆக்ஷனைச் சேர்த்தால், பழையவை நீங்காமல் குவியும்; பட்டியலைச் சற்று நகர்த்திய பிறகு ஒருமுறை அழுத்தினால் மூன்று மீன்கள் கூடையில் விழும். பொத்தானோடு இணைக்கும் வேலையைச் செல் உருவாகும்போது ஒருமுறை மட்டும் செய்து, குளோஷரை மாத்திரம் மாற்றுங்கள்.

கேள்வி: இதையே நோட்டிஃபிகேஷன் சென்டர் (செயலிக்குள் கேட்க விரும்பும் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பும் ஏற்பாடு) மூலம் செய்தால் டெலிகேட் எழுதும் வேலை மிச்சமல்லவா? (வாசகர், மூதூர்)

பதில்: மிச்சம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதைக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு ஒப்பானது அது. ஒரே பட்டியலைக் காட்டும் இரண்டு திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்திருந்தால் இரண்டும் அந்த அறிவிப்பைக் கேட்டு, இரண்டும் மீனைச் சேர்க்கும். கூடையில் எத்தனை மீன்கள் உள்ளன என்பதைப் பல திரைகளும் அறிய வேண்டியிருந்தால், அப்போது அதைப் பயன்படுத்துங்கள்.